சிரிப்பு எடுக்காத சாவு

ஆடி முதல் தேதி சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்குத் செம்மணல் மேடுகள் பரந்த தேரிக்காட்டுப் பக்கமிருந்து ஒரு துப்பாக்கி வெடித்த சத்தம் செங்காட்டுவிளை முழுக்கக் கேட்டது. கேட்ட அதே நொடியில், முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலைப் பேப்பரை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த பிஸ்டல் பெருமாள் எழுந்து, இடது நெஞ்சை வலது கையால் பிடித்து, அரைச் சுற்றுச் சுற்றி, முழங்காலில் ஒரு கணம் நின்று, தலையில் இல்லாத தொப்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, மல்லாந்து விழுந்து செத்துப்போனார். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ராசக்கனி ஓடிவந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சில்லை. எதிர்த்தாற்போலிருந்த சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஸ்டெல்லா வந்து நாடி பார்த்து, கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்து, "போயிட்டாவ மைனி" என்று சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்து, ஒப்பாரியின் இரண்டாவது வரியை எடுப்பதற்குள், செத்தவர் எழுந்து உட்கார்ந்து வாயில் ஒட்டிய மண்ணைத் துப்பினார்.

"கட் சொல்லியாச்சா?" என்று கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "சரி, காபி போடு" என்றார்.

அன்று அவர் செத்திருந்தது ஐந்து நிமிடம். மறுநாள் அதே நாலு பத்துக்கு அதே வெடி, அதே நெஞ்சு, அதே அரைச் சுற்று, பத்து நிமிடம். மூன்றாம் நாள் பதினைந்து. ஒரு வாரத்தில் அழ வருகிற பக்கத்து வீட்டுக்காரிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பெருமாளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் சினிமாக்காரர்களுக்கு அமெரிக்கப் பித்துப் பிடித்திருந்தது. தொப்பி, தோல் பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி, பாங்குக் கொள்ளை, குதிரைச் சவாரி என்று படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். அமெரிக்காவுக்குப் போக வசதியில்லாத யூனிட்டுகள் செங்காட்டுவிளைக்கு வந்தன. பனங்காட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல்மேடுதானே, அதுவே பாலைவனம். நாலு மரச்சட்டம் நட்டுப் பலகை அடித்தால் டெக்சாஸ். இன்றைக்கும் அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊரில் வயதானவர்கள் தேரியைத்தான் கை காட்டுவார்கள். குதிரைகள் திருச்செந்தூர் ஜட்கா வண்டிக் குதிரைகள். மும்முரமான துரத்தல் காட்சியில்கூட டீக்கடையைக் கண்டால் நின்றுவிடும். அந்தக் குதிரைகளை அடக்கி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் யூனிட்டுக்குள் போன சிவனணைந்த பெருமாள், மூக்கும் புருவமும் அமைந்த அமைப்பில் பிஸ்டல் பெருமாளாகி, பதினோரு படங்களில் வில்லனாக நடித்தார். பதினோரு படத்திலும் பாங்கைக் கொள்ளையடித்தார், ஸ்டேஷன் மாஸ்டரைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டார், மூன்று அடுக்காக ஏறி இறங்கும் ஒரு சிரிப்பைச் சிரித்தார், கடைசிக்கு முந்தின ரீலில் கதாநாயகன் கையால் சுடப்பட்டுச் செத்தார்.

அவர் சாகிற அழகை ராசக்கனி ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்தாள். கல்யாணமான புதிதில், ஊர் டூரிங் டாக்கீஸில், பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து. திரையில் பெருமாள் ஒரு விதவைத் தாயை எட்டி உதைத்ததும் சுற்றியிருந்த பெண்களெல்லாம் கைநிறைய மணலை அள்ளித் திரையை நோக்கி எறிந்து, "நீ நாசமாப் போவ, ஒன் பொண்டாட்டி தாலியறுத்துத் தெருவுல நிப்பா" என்று வாய்விட்டுச் சபித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தக்காரிகள். யாரும் அவளை மனதில் வைத்துச் சொல்லவில்லை, படத்தில் மூழ்கிப்போய்ச் சொன்னார்கள். ராசக்கனி கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெருமாள் குண்டடிபட்டு விழுந்ததும் கூரை கிழிய விசில் பறந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்துக்கும் போகவில்லை.

ஆக, நாலு பத்து வெடியை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடுகிற சத்தத்தை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படி. பள்ளிக்கூடக் கடிகாரம் நின்று இரண்டு வருடமாகியும் யாரும் பழுது பார்க்காததால், வெடி கேட்டதும் கடைசி மணி அடித்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கருப்பட்டி காய்ச்சுகிற பெண்கள் வெடி கேட்டதும் அடுப்பைத் தணித்தார்கள். திருச்செந்தூர் பஸ் ஓட்டுகிற லிங்கதுரை, பெருமாள் விழுவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பான். சாத்தான்குளத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் "பஸ் வசதி: பெருமாள் அண்ணாச்சி விழுந்தவுடன்" என்றே அச்சடித்திருந்தார்கள். ஸ்டெல்லா பதிவேட்டில் முதலில் மரணம் என்று எழுதி, அடித்து, மயக்கம் என்று எழுதி, அதையும் அடித்து, கடைசியில் வழக்கம்போல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இதற்கிடையில் செத்தவர்களுக்குச் சேதி சொல்லி அனுப்புகிற வேலை ஒன்று ஆரம்பித்தது. தினம் போய் வருகிற ஆள்தானே! எங்கம்மைகிட்ட எனக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்துட்டுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. எங்கப்பா நெலத்துப் பத்திரத்த எங்க வச்சாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க மாமா. செத்துப்போன முதல் பெண்டாட்டிக்கு ஒரு மன்னிப்பு. நாலு மணிக்கே முருங்கை மரத்தடியில் பத்து பேர் நின்றார்கள். பெருமாள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் எழுந்ததும் ஒருவருக்கும் ஒரு பதிலும் கொண்டுவரவில்லை.

"அங்கன அப்படி என்னதாங்க இருக்கு?" என்று ஆவணி கடைசியில் ஒரு நாள் ராசக்கனி கேட்டாள். அப்போது அவர் செத்துக் கிடக்கிற நேரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

"ஒண்ணும் இல்ல கனி. மணல்ல கெடக்கேன். வெயிலு கண்ணுல அடிக்கி. பக்கத்துல கேமரா ஓடுத சத்தம் நின்னுட்டு. எல்லாரும் நிக்காவ, மூச்சு விடுத சத்தம் கேக்குது, ஆனா ஒருத்தனும் கட் சொல்ல மாட்டேங்கான். கட் சொல்லாம எந்திரிச்சா ஷாட்டு கெட்டுரும்லா, அதான் கெடக்கேன்."

அன்றைக்குத்தான் அவர் அந்தக் கடைசி நாள் கதையைச் சொன்னார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு: பிணமாக நடித்தவனையோ, காமிரா முன்னால் செத்து விழுந்தவனையோ அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எழுப்பி உட்காரவைத்து, ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்லி, அதையும் நாலடி பிலிமில் எடுத்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு படத்தில் எங்கும் வராது. இருந்தாலும் அதை எடுக்காவிட்டால் நடித்த சாவு உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பது பயம். பத்துப் படத்துக்கு அந்தச் சிரிப்பை எடுத்தாயிற்று. பதினோராவது படத்தில், கடைசி நாள் கடைசி ஷாட்டில், பெருமாள் விழுந்ததும் பிலிம் சுருள் தீர்ந்துவிட்டது. வேறு சுருள் கைவசமில்லை. வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. "நாளைக்கு மெட்ராஸ்ல எடுத்துக்கலாம்" என்று சொல்லிப் பூசணிக்காயை உடைத்து, வேனில் ஏறிப் போனார்கள். மெட்ராஸில் எடுக்கவே இல்லை. அந்த வருடத்தோடு தொப்பிப் படங்களின் மவுசும் ஓய்ந்து, பெருமாளை யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்து மூன்று வருடமாகப் பனங்காட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்த ஆடிக்காற்றில் தேரியில் ஒரு மணல்மேடு இடம் மாறியிருந்தது என்று பனையேறிகள் சொன்னார்கள். ஊரோடு போய்ப் பார்த்தார்கள். மேடு விலகிய பள்ளத்தில், கையைக் காலை விரித்து மல்லாந்து விழுந்த ஓர் ஆளின் அச்சு, தொப்பியின் அச்சோடு, நேற்று விழுந்ததுபோல் இருந்தது. கூடை கூடையாக மணல் போட்டு மூடினார்கள். மறுநாள் காலையில் அச்சு அப்படியே இருந்தது. சரி, அது அங்கேயே இருக்கட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

ராசக்கனி விடவில்லை. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனாள். ஐப்பசியில் ஒன்பது மணி நேரம் வந்தது. தை முடிவில் பதினேழரை. சித்திரை பதினேழாம் தேதி வெடி வெடித்தால் இருபத்து நாலு மணி நேரம். அதாவது மறுநாள் அவர் எழ வேண்டிய அதே நொடியில் அடுத்த வெடி. அதற்கப்புறம் எழுந்திருப்பது என்பது கிடையாது. கூட்டிப் பார்த்த பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு, ஒரு டாக்கீஸ் நிறையப் பெண்கள் மண்ணள்ளித் தூற்றியும் நாற்பத்து மூன்று வருடம் காப்பாற்றி வைத்திருந்த கழுத்துக் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்ப நான் எடுக்காம விடமாட்டேன்" என்றாள்.

முதலில் ஸ்டெல்லாவின் செல்போனில் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் நாலு பத்துக்கு வெடித்தது. கல்யாண வீடியோக்காரரை வரவழைத்து, விளக்கெல்லாம் போட்டு எடுத்தார்கள். வெடித்தது. பிலிமில் நின்றுபோனதைப் பிலிமில்தான் முடிக்க வேண்டும் என்று ராசக்கனிக்குப் புரிந்தது. இன்னொரு சங்கடமும் புரிந்தது. எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தால் அதில் ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை. வில்லன் பல்லைக் காட்டினால் மார்க்கெட் போய்விடும் என்று யாரோ ஒரு டைரக்டர் சொன்னதைக் கேட்டுக் கல்யாணப் போட்டோவில்கூட முறைத்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். சிரியுங்கள் என்றால் அந்த மூன்றடுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மற்ற சிரிப்பு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

பங்குனி பத்தாம் தேதி வாக்கில், அவர் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் உயிரோடிருந்த சமயத்தில், ராசக்கனி அவரைக் கட்டிலில் கிடத்தி, எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, கொசுவலை கட்டி, ஸ்டெல்லாவிடம் சாவியைக் கொடுத்தாள். "ஒண்ணே கால் மணிக்கு எந்திப்பாவ. எந்திச்சதும் காபி கேப்பாவ. சக்கரை கொஞ்சமாப் போடு" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினாள். கிளம்புகிற அன்று காலையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து, "அண்ணாச்சி பாட்டுக்குக் கெடக்காரு, நோவு நொடி ஒண்ணுமில்ல, ஊருக்கும் ஒரு மணி தெரியுது, இத எதுக்குக் கெளறணும்?" என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ராசக்கனி விளக்குமாற்றை எடுத்து அவர்கள் நின்ற இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். அவர்கள் போய்விட்டார்கள்.

வடபழனியில் மூன்று நாள் சந்து சந்தாக விசாரித்துக் கடைசியில் சேஷகிரியைக் கண்டுபிடித்தாள். அந்தப் பதினோராவது படத்தில் காமிராவில் சுருள் மாட்டுகிற உதவியாளராக இருந்தவர். இப்போது எழுபது தாண்டி, மகன் வீட்டு மாடியறையில் இருந்தார். ராசக்கனி சொன்ன கதை முழுவதையும் அவர் ஆச்சரியப்படாமல் கேட்டார்.

"அன்னைக்கு சுருள் எவ்வளவு மிச்சம்னு கணக்கு சொன்னது நான்தாம்மா" என்றார். "அறுபதடி இருக்குன்னு சொன்னேன். இல்ல. பத்தடி தப்பா எண்ணிட்டேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. ஆனா அதுக்கப்புறம் இந்த நாள் வரைக்கும் ஒரு அடி விடாம எண்ணிட்டுத்தான் இருந்திருக்கேன்."

எழுந்து போய் மருமகளின் பிரிட்ஜைத் திறந்து, தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். பிலிம் கம்பெனிகள் மூடுவதற்கு முன் எங்கோ வெட்டி மிச்சமான துண்டு. "நாப்பது அடி. இருபத்தேழு செகண்டு ஓடும். அதுக்கு மேல ஒரு செகண்டு கிடையாது. என்னைக்காவது யாராவது கேட்டு வருவாங்கன்னு வச்சிருந்தேன்" என்றார். "மாவு எடுக்கறப்பல்லாம் என் மருமக திட்டுவா."

காமிரா ஒரு வாடகைக் கடை வாசலில் அலங்காரத்துக்கு நின்றது. அதன் பெல்ட்டும் மோட்டாரும் கிடைத்துப் பூட்டி ஓடவிட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று; ராசக்கனி அதற்குள் ஊர் திரும்பியிருந்தாள். சேஷகிரி சித்திரை பதினேழாம் தேதி பகல் லிங்கதுரையின் பஸ்ஸில், காமிராவைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் சாப்பிட உட்காராமல், "எந்த இடத்துல விழுந்தாரோ அந்த இடத்துக்குக் கொண்டு போங்க" என்றார்.

பெருமாளைக் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றினார்கள். பின்னால் ஊரே போயிற்று. தேரிப் பள்ளத்தில் அந்த அச்சுக்குள் அவரை இறக்கிக் கிடத்தியபோது கை கைக்கும் கால் காலுக்கும் பொருந்தியது, வயிறு மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது. அவருக்கு அன்று மிச்சமிருந்தது ஐந்து நிமிடம். நாலு ஐந்துக்கு எழுவார். நாலு பத்துக்கு வெடிக்கும். சேஷகிரி கறுப்புத் துணிப் பைக்குள் கையை விட்டுச் சுருளை மாட்டினார்.

நாலு ஐந்துக்குப் பெருமாள் கண்ணைத் திறந்தார். "கட் சொல்லியாச்சா?"

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் ராசக்கனி, அவர் முகத்து மணலைச் சேலை முந்தியால் துடைத்தபடி. "மொதல்ல சிரிங்க."

பெருமாள் காமிராவைப் பார்த்தார். நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்ததும் அவரையறியாமல் புருவம் ஏறியது. முதல் அடுக்கு கிளம்பியது, இரண்டாவது அடுக்கு ஏறியது, மூன்றாவது அடுக்கு தேரி முழுக்க எதிரொலித்து இறங்கியது. ஊர் கைதட்டிவிட்டது. பழைய ஞாபகத்தில் நாலைந்து பெண்கள் குனிந்து மணலை அள்ளிவிட்டு, வெட்கப்பட்டுக் கீழே போட்டார்கள். சேஷகிரி காமிராவை ஓட்டவில்லை.

"இது வேண்டாம் சார். இது வில்லன் சிரிப்பு. உங்க சிரிப்பு வேணும்."

நாலு ஆறு. லிங்கதுரை டிரைவர் சட்டையைக் கழற்றிப்போட்டு ஒரு ஆட்டம் ஆடினான். ஊர் சிரித்தது, பெருமாள் சிரிக்கவில்லை. நாலு ஏழு. ஸ்டெல்லா தன் மாமியார் ஊசிக்குப் பயந்து வைக்கோல்போரில் ஒளிந்த கதையைச் சொன்னாள். அவர் மரியாதைக்கு உதட்டை விரித்தார். அது பல்வலிக்காரன் முகம்போல் இருந்தது. நாலு எட்டு ஆகியும் சேஷகிரியின் விரல் பொத்தானில் அசையாமல் இருந்தது. நெற்றி வேர்வை மூக்கில் இறங்கியும் அவர் துடைக்கவில்லை.

"ஏட்டி கனி" என்றார் பெருமாள். அவருக்கும் பயம் வந்திருந்தது, குரலில் தெரிந்தது. "வர மாட்டேங்குது. விட்ரு. பதினோரு தடவை செத்தவன்தான நான். ஊருக்குப் பழகிப்போச்சு."

"ஊருக்குப் பழகும்" என்றாள் ராசக்கனி. "எனக்குப் பழகாது. அன்னைக்கு டாக்கீசுல இவளுவ எல்லாரும் விசிலடிக்கும்போது நான் ஒருத்தி அழுதேன். யாருக்காவது தெரியுமா? நீங்க விழும்போதெல்லாம் நான் பாத்துக்கிட்டே நிக்கணும்னு எவன் எழுதி வச்சான்? இன்னைக்கு நான் விழுதேன், நீங்க நின்னு பாருங்க."

சொல்லிவிட்டு அவரைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்தி, இரண்டு எட்டு வைத்து அவருக்கும் வெடி வருகிற மணல்மேட்டுக்கும் நடுவில் போய் நின்றாள். நாலு ஒன்பது. வெடிக்கிற வெடி தன்மேல் முதலில் பட்டால் கணக்கு தன்னோடு முடியும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, வெடிக்காகக் காத்திருக்கக்கூட இல்லாமல், தொண்டை கிழியத் தானே "டுமீல்!" என்று கத்தினாள். கத்திவிட்டு வலது நெஞ்சைப் பிடித்தாள். தப்பு என்று தோன்றி இடது நெஞ்சுக்குக் கையை மாற்றினாள். அரைச் சுற்றுச் சுற்றப் போய் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டாள். விழப்போகிற இடத்தில் முள் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒன்றைப் பொறுக்கி ஓரமாக எறிந்தாள். சேலையைக் கணுக்கால்வரை இழுத்து ஒழுங்கு பண்ணிக்கொண்டு, ஒரு கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, பிறகு படுத்து, கண்ணை மூடினாள். காமிரா ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

தொழிலில் பதினோரு முறையும் தொழில் இல்லாமல் இருநூற்று எண்பத்தேழு முறையும் பிசகாமல் செத்த பிஸ்டல் பெருமாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் மீசை ஒருபக்கம் இழுத்தது. அடக்கப் பார்த்தார். மூக்கு விரிந்தது. பிறகு வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, சத்தமே வராமல், மேல் வரிசைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். வலது கோடியில் ஒரு பல் இல்லாததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. சேஷகிரியின் காமிரா கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தேழு செகண்டும் அந்த முகத்திலேயே நின்றது. சேஷகிரியும் அழுதுகொண்டே இருந்ததால் கட் சொல்ல மறந்துவிட்டார். சுருளின் நுனி கழன்று உள்ளே படபடவென்று அடித்த பிறகுதான் நிறுத்தினார்.

நாலு பத்து. எல்லோரும் மணல்மேட்டைப் பார்த்தார்கள். காற்று மட்டும் அடித்தது. நாலு பதினொன்று. பெருமாள் நின்றுகொண்டே இருந்தார். அவர் காலடியில் மணல் சரிந்து அச்சுக்குள் இறங்கி, தொப்பியை மூடி, கையை மூடி, காலை மூடி, மற்ற மணலைப்போல் ஆகிவிட்டது. ஊர் போட்ட சத்தத்தில் பனங்காட்டுக் கிளிகள் மொத்தமும் பறந்து போயின.

ராசக்கனி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்தபோது சேஷகிரிதான் முதலில் நினைத்துப் பார்த்தார். வெற்றுக் காமிராவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அம்மா, காமிரா முன்னாடி நீங்களும் செத்து விழுந்துட்டீங்க. உங்க சிரிப்பை எடுக்கல. பிலிம் இல்ல."

"சரி, வாங்க, சாப்பிடாம இருக்கீய" என்று ராசக்கனி முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போய்ச் சேஷகிரிக்குச் சோறு போட்டாள். பெருமாளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அப்புறம் ஸ்டெல்லாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "கட்டில் காலுக்குக் கிண்ணம் வைக்கத் தெரியும்லா? வெயில்ல தண்ணி வத்திரும், ரெண்டு தடவை பாக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறவில்லை. கேட்டுக்கொண்ட ஸ்டெல்லாதான் அழுதாள்.

மறுநாள் மூன்று மணிக்கே முருங்கை மரத்தடி நிறைந்துவிட்டது. சேஷகிரி ஊருக்குப் போகாமல், பிலிம் இல்லாத காமிராவைத் தூக்கி ராசக்கனிக்கு எதிரில் வைத்து, "அம்மா விழுந்தது பிலிம்ல இல்ல, சிரிப்புக்கும் பிலிம் வேண்டாமோ என்னவோ" என்று சொல்லி, பின்னால் நின்றுகொண்டார். ராசக்கனி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சொன்னார்கள். "எதப் பாத்துச் சிரிக்க?" என்றாள். கை மட்டும் வேகமாக உருவியது. காம்பையும் இலையையும் சேர்த்து ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணியாயிற்று. நாலு ஐந்தாயிற்று. லிங்கதுரை பஸ்ஸை அணைத்துவிட்டு இறங்கி வந்து நின்றான். பெருமாள் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஒன்பதுக்கு அவர் எழுந்து அவளுக்கு முன்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். "டுமீல்!" என்று வாயாலேயே கத்தினார்.

கத்திவிட்டு வலது நெஞ்சைப் பிடித்தார். யோசித்து இடது நெஞ்சுக்குக் கையை மாற்றினார். முழுச் சுற்று ஒன்று சுற்றினார். குனிந்து தரையில் முள் தேடி, கிடைக்காமல், ஒரு முருங்கைக் காம்பைப் பொறுக்கி ஓரமாக எறிந்தார். வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, ஒரு கையை ஊன்றி, "யம்மா" என்று முனகி உட்கார்ந்து, படுத்து, கண்ணை மூடினார். மூடிவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் இப்படி விழல" என்றாள் ராசக்கனி.

"இப்படித்தான் மைனி விழுந்தீய" என்றாள் ஸ்டெல்லா. "யம்மா மட்டும் சொல்லல."

ராசக்கனி முறத்தால் முகத்தை மறைக்கப் பார்த்தாள். முறம் சாய்ந்து கீரை பூராவும் பெருமாள் முகத்தில் கொட்டியது. அவர் தும்மினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. செத்தவன் தும்மலாமா என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். அவ்வளவுதான், அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணத்தன்று ஆரம்பித்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். சேஷகிரி பொத்தானை அழுத்தினார். உள்ளே ஒன்றுமில்லாத காமிரா கரகரவென்று சுற்றியது. வேண்டுமட்டும் சுற்றவிட்டு, தொண்டையைச் செருமி, நாற்பத்து மூன்று வருடமாக ஒருத்தரும் சொல்லாததைச் சொன்னார்.

"கட்!"

பெருமாள் எழுந்து உட்கார்ந்து தலையிலிருந்த கீரையைத் தட்டினார். நாலு பத்து எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை.